கேட்கவில்லை என்று சொன்ன வருடம்

அந்தப் புள்ளிவிபரவியல் பரீட்சையின் மூன்றாம் கேள்வியில் ஓர் எண் பிழையாக அச்சாகியிருந்தது. பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் அதைக் கவனித்து, மண்டபத்தின் முன்னால் நின்று வாயால் சொல்லித் திருத்தினார். பலகையில் எழுதவில்லை. எனக்கு அன்றைக்குக் கிடைத்த இருக்கை கடைசிக்கு முந்திய வரிசை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் சொல்லி முடித்துவிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட தலைகள் ஒன்றாகக் குனிந்தன. எல்லாப் பேனைகளும் தாளில் எதையோ வெட்டின.

எதை வெட்டுகிறார்கள் என்று பக்கத்தில் எட்டிப் பார்க்கப் பயம். களவாகப் பார்த்து எழுதுகிறேன் என்று பிடித்துவிட்டால்? கையை உயர்த்திக் கேட்கவும் பயம். ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்கினேன். மூன்றாம் கேள்வியின் விடை பூச்சியத்துக்குக் கீழே போனது. அந்தக் கணக்கில் அப்படி ஒரு விடை வரவே முடியாது. அழித்தேன், திரும்பச் செய்தேன், திரும்பவும் அதே விடை. அந்த ஒரு கேள்வியோடு அரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை.

புள்ளிகள் வந்த பிறகு பேராசிரியரின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர்தான். என்னுடைய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நான் இரண்டு தரம் அறிவித்தேனே,” என்றார்.

“கேட்கவில்லை.”

“பின்னால் சத்தமாக இருந்ததா?”

“இல்லை. எனக்குக் காது கேட்காது.”

இருபது வயதில், எங்கள் வீட்டுக்கு வெளியே ஓர் ஆளிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு துண்டுக் கடதாசியில் ஓர் அறை இலக்கத்தை எழுதித் தந்தார். இயலாமையுள்ள மாணவர்களுக்கான அலுவலகம் அங்கே இருக்கிறது, இந்தப் பரீட்சைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அடுத்ததற்கு முன் அங்கே போ என்றார்.

அந்தத் துண்டை நான் மூன்று கிழமை காற்சட்டைப் பையில் வைத்துத் திரிந்தேன்.

என்னுடைய இடது காது ஆறு வயதில் போனது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து மடுக் கோயில் பக்கம் இருந்த மாதங்களில் இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. மருந்து இல்லை. இடது காது முழுதாகப் போக, வலதில் பாதி மிஞ்சியது. ஆட்களின் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க நானாகவே பழகிக்கொண்டேன். அது வீட்டில் ஒரு பெரிய விஷயமாக இருக்கவில்லை, கொழும்புக்குப் போகும்வரை.

அப்பா எங்களுக்கு முன்னமே கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்து, அகதியாக ஏற்கப்பட்டு, அம்மாவையும் என்னையும் கூப்பிடப் பத்திரம் போட்டிருந்தார். கொழும்பில் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை; குறை கண்டால் மறுத்துவிடுவார்கள் என்று வீட்டில் பயம். எனக்குப் பதினான்கு வயது. டொக்டர் எனக்குப் பின்னால் போய் நின்று, கையிலிருந்த தாளைப் பார்த்தபடி மெல்லிய குரலில் எண்களைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்லவேண்டும். எனக்கு எதிரே கதிரையில் அம்மா, மடியில் கைப்பையோடு. கைப்பையின் மேல் அவரது விரல்கள் விரிந்தன. ஐந்து. பிறகு மூன்று. பிறகு ஏழு. நான் விரல்களைப் பார்த்து எண்களைச் சொன்னேன். டொக்டர் கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்க வியர்வை. “இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, பிள்ளை. பாவசங்கீர்த்தனத்தில ஃபாதருக்கும் சொல்லக்கூடாது,” என்றார். ஒரு ஞாயிறுகூடப் பூசைக்குப் போகாமல் இராத மனுசி அதைச் சொன்னபோதுதான், நாங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு விளங்கியது.

மொன்றியலில் என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். நான் முழிப்பதைப் பார்த்து, மொழி தெரியாத பிள்ளை என்று நினைத்தார்கள். அது எனக்கு வசதியாகிவிட்டது. பிறகு கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறினேன். அங்கேயும் புதிய மொழி என்று சமாளித்தேன். பல்கலைக்கழகத்துக்கு வந்தபோதுதான் ஒளிந்துகொள்ள வேறு மொழி மிஞ்சவில்லை. எப்போதும் முன்வரிசை, எப்போதும் பேராசிரியரின் வாய். அவர் பலகைப் பக்கம் திரும்பினால் அந்த வசனம் போய்விடும். தாடி வைத்தவர் என்றால் முழு வகுப்பும் போய்விடும்.

மூன்று கிழமை கழித்து, துண்டில் எழுதியிருந்த அந்த அறையைத் தேடிப் போனேன். நீண்ட ஒரு நடைவழி. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். ஒன்றில் நான் தேடிவந்த அலுவலகத்தின் பெயர். மற்றதில் பூர்வகுடி மாணவர்களுக்கான அறை என்று போட்டிருந்தது. அந்த இரண்டாவது கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து சூப்பின் வாசம் வந்தது. நான் இரண்டு கதவையும் கடந்து நடைவழியின் கடைசிவரை போய், தண்ணீர்க் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். திரும்பியும் கடந்து போனேன். மூன்றாவது தரம் வந்தபோது ஒரு பெண் முதல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, “உள்ளே வருகிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலைமுடி நரைக்கத் தொடங்கிய, நிறுத்தி நிறுத்திப் பேசும் பெண். அந்த அலுவலகத்தின் ஆலோசகர்.

அவர் உதவிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை எடுத்துத் தந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, “இந்தப் படிவத்தை யார் யார் பார்ப்பார்கள்?” என்பதுதான்.

“நான் மட்டும். பேராசிரியருக்குக்கூட உங்களுக்கு என்ன தேவை என்றுதான் போகும். என்ன குறை என்று போகாது.”

“அரசாங்கம்?”

“இல்லை,” என்றார். “ஏன்?”

படிவத்தோடு வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். காது பரிசோதனை அறிக்கை ஒன்று வேண்டும் என்றார். படிவத்தை மடித்துப் புத்தகப் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவுக்கு லாசாலில் ஒரு கடதாசிப் பெட்டித் தொழிற்சாலையில் பின்னேர வேலை. காலையில்தான் அவரைப் பிடிக்கலாம். தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லத் தொடங்கினேன். யூனிவர்சிட்டியில் உதவி செய்வார்கள், ஒருவர் எனக்காகக் குறிப்பு எடுத்துத் தருவார், பரீட்சைக்குத் தனி அறை தருவார்கள்.

“எழுதிக் குடுக்கவேணுமோ?” என்று அப்பா கேட்டார்.

“ஓம். டொக்டற்ற கடிதத்தோட.”

“அப்ப வேண்டாம். சிற்றிசன்சிப் கைக்கு வரட்டும். பேந்து என்னவும் செய்.”

“அது எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும், அப்பா? மார்கழியில எனக்குச் சோதினை.”

“பிள்ளை, வாயால சொன்னா இல்லையெண்டு சொல்லலாம். எழுத்தில போனா அது ஒருநாளும் அழியாது. அங்க கேக்குதெண்டு எழுதிக் குடுத்திட்டு, இஞ்ச கேக்கேல்லை எண்டு எழுதிக் குடுப்பியோ? இரண்டையும் ஒருத்தன் பக்கத்தில வைச்சுப் பாத்தா?”

அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். திரும்பவே இல்லை. குடியுரிமைப் பத்திரங்களை நாங்கள் அனுப்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் முழுக்க அப்பா ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

நான் அவர்களுக்குச் சொல்லாமல் பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி பதித்த சிறிய அறைக்குள் இருத்திக் காதில் கருவியை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். பரிசோதகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கொஞ்ச நேரத்தில் என் கண் தானாகவே அவரின் கைக்குப் போய்விட்டது. அவர் விரல் அசையும்போதெல்லாம் நான் அழுத்தினேன். ஏமாற்றவேண்டும் என்று நினைக்கவில்லை. பதினான்கு வருடமாக அப்படித்தான் நான் கேட்டேன். அவர் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

வெறும் சுவர். எவ்வளவு நேரம் என்று தெரியாத அமைதி. சத்தம் வருகிறதா, வரவில்லையா, எத்தனை சத்தங்கள் என்னைக் கடந்து போகின்றன? அந்தக் கதிரையில் இருந்து அழுதேன். அறிக்கையில் வரையப்பட்டிருந்த கோடு நான் நினைத்ததைவிடக் கீழே போயிருந்தது.

அறிக்கையின் பிரதி ஒன்றைப் படிவத்தோடு கொடுத்தபின், கார்த்திகை தொடக்கத்தில் எனக்காக வகுப்பில் குறிப்பெடுப்பவள் ஒருத்தி கிடைத்தாள். என்னுடைய வகுப்பிலேயே இருந்தவள். முப்பது வயதிருக்கும். வடக்கே விரிகுடாக் கரையில் இருந்து வந்த, கிறீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண். நான்கு வயது மகளோடு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தாள். அவளோடு பேசுவதுதான் எனக்குப் பெரும்பாடு. உதட்டை அசைக்காமல் பேசுவாள். நான் மூன்று தரம் “என்ன?” என்று கேட்ட பிறகு, கொப்பியை எடுத்து எழுதினாள்: “என் அம்மாவும் இப்படித்தான் ‘என்ன, என்ன’ என்று கேட்பார்.” அதன்பிறகு நாங்கள் பெரும்பாலும் கொப்பியில்தான் பேசினோம்.

அவளுடைய குறிப்புகளைப் போல நான் எங்கும் கண்டதில்லை. பேராசிரியர் சொன்னது மட்டுமல்ல, வகுப்பில் நடந்ததெல்லாம் அதில் இருக்கும். “யாரோ பிந்தி வந்தார். பேராசிரியர் நிறுத்தினார்.” “இந்த இடத்தில் எல்லோரும் சிரித்தோம். தன் மனைவி சராசரி என்ற சொல்லை வீட்டில் தடைசெய்துவிட்டாள் என்றார். பெரிய பகிடி இல்லை.” ஆறு வருடமாக மற்றவர்கள் சிரித்தபின் ஒரு நொடி பிந்திச் சிரித்துவந்தவள் நான். எதற்காகச் சிரித்தேன் என்று அன்றிரவு பேருந்தில் வாசித்து அறிந்தேன். தனியாக இருந்து சிரித்தேன்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன், பக்கத்து அறைக்கு, சூப் வாசம் வரும் அந்த அறைக்கு, அவள் ஏன் போவதில்லை என்று. அவள் எழுதினாள்: “அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். உண்மையாகவே கேட்பார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் நான் படிப்பை விட்டு ஊருக்கே போய்விடுவேன்.”

கார்த்திகைக் கடைசியில் அவள் வகுப்புக்கு வரவில்லை. முதல் நாள் மகளுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வகுப்பிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. தொலைபேசி இலக்கம் இருந்தது, ஆனால் தொலைபேசியில் எனக்கு ஒன்றும் விளங்காது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. இறுதிப் பரீட்சைக்கு இரண்டு கிழமை. கடைசி மூன்று அத்தியாயங்களுக்கு என்னிடம் ஒரு வரிகூடக் குறிப்பு இல்லை. அவளுக்கு என்ன ஆனதோ என்று பயந்தேனா, எனக்கு என்ன ஆகப்போகிறதோ என்று பயந்தேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் நெஞ்சில் கிடந்தன.

அந்தக் கிழமைதான் தபாலும் வந்தது. அப்பாவும் அம்மாவும் நானும் தை மாதம் குடியுரிமைப் பரீட்சைக்கு வரவேண்டும். நல்ல செய்தி. ஆனால் அப்பா அந்தக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்து, மற்றப் பத்திரங்களைத் தேடும்போது காது பரிசோதனை அறிக்கையைக் கண்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்தபோது வேலைக்குப் போகாமல் குசினியில் இருந்தார். அறிக்கை அவருக்கு முன்னால் விரிந்து கிடந்தது.

“குடுத்திட்டியோ?”

“ஓம்.”

“எப்ப?”

“ஒரு மாதமாச்சு.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். “தை மாதம் போய் முன்னால இருக்கேக்க கேக்கப்போறாங்கள். நான் என்ன சொல்ல? அம்மாவைத் திருப்பி அனுப்பினா நான் என்ன செய்ய?” அம்மா அப்போதுதான் அழத் தொடங்கினார். விரல் காட்டியது அவரல்லவா.

“அப்பா, படிவம் வாங்கின மனுசி, அது அரசாங்கத்துக்குப் போகாதெண்டு சொன்னவ,” என்றேன்.

“அப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் கேக்கவேணும்.”

அடுத்தநாள் அப்பா பூசைக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு மெட்ரோவில் வந்தார். நடைவழியில் அவரது சப்பாத்திலிருந்து பனி உருகித் தடம் தடமாக வந்தது. ஆலோசகருக்கு முன்னால் இருவரும் இருந்தோம். ஆலோசகரின் வாயைப் பார்த்து, அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொல்லி, அப்பாவின் கேள்வியை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். காது கேளாத நான்தான் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர்.

“கேள், இந்தக் கடிதம் எங்க போகுமெண்டு,” என்றார் அப்பா.

ஆலோசகர் எழுந்து போய், பூட்டியிருந்த இரும்பு அலுமாரியைத் திறந்து என்னுடைய கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். “இங்கேதான் இருக்கும். வேறெங்கும் போகாது.”

அப்பா கோப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், “மற்றதையும் சொல்லு,” என்றார்.

“என்னத்தை?”

“கொழும்பில நடந்ததை.”

நான் சொன்னேன். அம்மாவின் விரல்களைச் சொன்னபோது என் ஆங்கிலம் தடக்கியது. ஆலோசகர் குறுக்கிடாமல் கேட்டார். தான் சட்டத்தரணி இல்லை, ஆனால் கீழ்த்தளத்தில் மாணவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் இடம் இருக்கிறது என்று சொல்லி, தானே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த சட்டத்தரணி இளம் பெண். அப்பா வந்த ஆண்டு, எங்களைக் கூப்பிட்ட விதம், பரிசோதனை நடந்த ஆண்டு எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு என் பக்கம் நேராகத் திரும்பி, நான் வாயைப் பார்க்கக்கூடியதாக, ஆறுதலாகச் சொன்னாள்.

“அகதியாக ஏற்கப்பட்டவரின் மனைவியையும் பிள்ளையையும் காது கேளாததற்காக மறுக்க மாட்டார்கள். நீங்கள் அந்த டொக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இங்கே வந்திருப்பீர்கள்.”

நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்பாவுக்கு விளங்கவில்லையோ என்று திரும்பவும் சொன்னேன்.

“விளங்குது,” என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இவ்வளவு காலமும் சும்மாவோ பயந்தனாங்கள்?”

மெட்ரோவில் திரும்பினோம். அங்கிரிஞோன் நிலையத்தில் பேருந்துக்கு நிற்கும்போது அப்பா, “பள்ளிக்கூடத்திலயே உனக்கு ஒரு காது மெஷின் வாங்கித் தந்திருக்கலாம்,” என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு அந்த நிமிடம் அவர்மேல் கோபம்தான் வந்தது. எனக்கு இருபது வயது, அதில் பாதிக்கு மேல் வாய்களைப் பார்ப்பதில் போயிருந்தது. கோபம் ஆறச் சில வருடங்கள் எடுத்தன.

வீட்டுப் பயம் இறங்கினாலும் பரீட்சைப் பயம் அப்படியே இருந்தது. அடுத்தநாள், குறிப்பெடுப்பவளைத் தேடிப் பார்ப்போம் என்று, பூர்வகுடி மாணவர்களின் அறைக்குள் முதல் தடவையாகப் போனேன். நீண்ட மேசை, மின்னடுப்பில் பெரிய பானை, சோபாவில் நித்திரையாகிக் கிடந்த ஒரு மாணவன். பொறுப்பாக இருந்த பெண் நான் சொன்னதைக் கேட்டார். “யாரைப் பற்றியும் நான் தகவல் சொல்லக்கூடாது,” என்றார். “ஆனால் நீங்கள் தேடியதை, அவர் வந்தால் சொல்வேன்.” பிறகு ஒரு கோப்பையில் சூப் ஊற்றி என் முன்னால் வைத்தார். நான் அந்த இடத்து ஆள் இல்லை என்று சொன்னேன். “பசி இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார்.

வகுப்பின் கடைசி நாளன்று அவள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நடைவழியில் என்னைக் கண்டதும் கொப்பியை எடுத்தாள். அவளை வளர்த்த தாய்மாமன் இறந்துவிட்டார். பேருந்தில் ஒரு நாளுக்கு மேல் பயணம். அடக்கம் முடிந்தபிறகு பனிப்புயலில் வீதியை மூடிவிட்டார்கள். கடைசியில் எழுதியிருந்தாள்: “உன் குறிப்புகளுக்கு மன்னித்துக்கொள். நான் விட்டுவிடப் போகிறேன். நான்கு பாடத்திலும் பின்னால் நிற்கிறேன். ஊருக்குப் போகிறேன்.”

எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என்னிடம் இருந்த ஒரே செய்தியை எழுதினேன்: “பக்கத்து அறையில் உன்னைத் தேடினேன். எனக்குச் சூப் தந்தார்கள்.”

அவள் அதை வாசித்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். “நீயும் உள்ளே வா,” என்றாள். கொப்பியில் அல்ல, வாயால். அந்த ஒரு தரம் உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

நான் வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பொறுப்பான பெண் எழுந்து வந்து அவளது இரண்டு கையையும் பிடித்து ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லத் தொடங்கினாள், கனநேரம் நிறுத்தவில்லை. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவளின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அந்தப் பெண் தொலைபேசியில் ஒவ்வொரு துறையாகக் கூப்பிட்டார். துக்கத்தைக் காரணம் காட்டி நான்கில் மூன்று பரீட்சைகளைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஒன்றை அவள் கைவிட்டாள்.

மிச்சமிருந்த நாட்களில் நாங்கள் இருவரும் அந்த நீண்ட மேசையில் பாடப்புத்தகத்தை வைத்து அந்த மூன்று அத்தியாயங்களையும் படித்தோம். நாலரைக்கு மகளை எடுக்க அவள் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்துக்கு ஓடவேண்டும், அதுவரைக்கும் படிப்போம். நான் கணக்கைச் செய்துகாட்ட, அவள் தன் சொல்லில் எழுதிக்கொள்வாள். பரீட்சையைத் தனி அறையில் எழுதினேன். சித்தியடைந்தேன், பெரிய புள்ளி அல்ல. தை மாதம் அவளும் மூன்றிலும் சித்தியடைந்தாள்.

அதே மாதம் நாங்கள் குடியுரிமைப் பரீட்சைக்குப் போனோம். மாகாணங்களின் பெயர்களைத் தவிர வேறொன்றும் எங்களிடம் கேட்கவில்லை. அம்மா அன்றைக்கு நேரே கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று கேட்டபோது, “அது எனக்கும் ஆண்டவருக்கும்,” என்றார்.

வசந்தத்தில் எனக்குக் காதுக் கருவி கிடைத்தது. முதல் நாள் மெட்ரோவின் இரைச்சலில் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இரண்டு நிலையம் தாண்டுமுன் கழற்றிவிட்டேன். பழக ஒரு கோடைகாலம் போனது.

குறிப்பெடுத்துத் தந்தவள் அந்தச் சித்திரையோடு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். தோற்றுப் போகவில்லை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. மிச்சப் பாடங்களை அஞ்சலில் படிக்கப் போவதாகச் சொன்னாள். இரண்டு மூன்று வருடம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டோம். கடைசியாக எழுதியபோது இன்னும் இரண்டு பாடம் இருக்கிறது என்றாள். பிறகு என்னுடைய மின்னஞ்சல் ஒன்று திரும்பி வந்தது, அந்த முகவரி இப்போது இல்லை என்று. அவள் அந்த இரண்டையும் முடித்தாளா என்று எனக்குத் தெரியாது.